ஏழாம் இலக்கப் புல்

போன பிறகும் என்னை மேய்த்துக்கொண்டிருக்கும் என் செல்ல ராத்தா சஹ்லாவுக்கு, ஸலாம்.

அறிவித்தல்! கல்முனையைப் பிறப்பிடமாகவும், எங்கள் வீட்டு முன்விறாந்தைக் கதிரையை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட ஜனாப் இன்ஸாப் அவர்களின் மேலுதட்டில் கடந்த வியாழக்கிழமை காலை மீசை முளைத்தது என்பதை ஆழ்ந்த பெருமையுடன் அறியத் தருகிறோம். இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் ஆறு. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், முச்சக்கரவண்டிக்காரர், முடி வெட்டும் கடைக்காரர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

நீ இருந்திருந்தால் உன் லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பாய். "ஐதான பரம்பல். இனம் சந்தேகம். மறுபடி பார்க்கவும்" என்று கொப்பியில் குறித்திருப்பாய். உம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முகத்த நல்லாக் கழுவு மகன், கரி பட்டிருக்கு" என்றார். வாப்பா பார்க்கவே இல்லை. வாப்பா இப்போது எதையும் பார்ப்பதில்லை, ராத்தா. முன்னால் இருக்கிற சோற்றைக்கூட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் உன் பெயரில் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். சொறிக்கல்முனை யாழினி அக்காதான் அதற்குப் பொறுப்பு. போன கிழமை எனக்கு அழைப்பு எடுத்தார்.

"தம்பி, உனக்கும் ஒரு பக்கம் வெச்சிருக்கன். ராத்தாட புல்லுத் தாளெல்லாம் நீ காப்பாத்தின கதைய எழுது. அத எழுத உன்ன விட்டா ஆரும் இல்ல."

"எத்தின சொல்லு எழுதணும் அக்கா?"

"உண்மையா எழுதினாக் காணும், அதுவே போதும்."

மலருக்கென்று எழுத உட்கார்ந்தால் "அன்னாரின் இழப்பு" என்று பேனை தானாக ஆரம்பிக்கிறது. நீ எனக்கு அன்னார் இல்லை. என் காதைத் திருகியவள். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசித்துக்கொள்ளட்டும்.

எட்டிப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். என் ராத்தா, என் ஒரே அக்கா, பொட்டனி என்கிற தாவரவியல் படித்தவள். மலைநாட்டில் ஓர் உலர்தாவரகம் இருக்கிறது. செத்த செடிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கிற கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியைக் காயவைத்து ஒரு தடித்த தாளில் ஒட்டுவார்கள். மூலையில் ஒரு சீட்டு: என்ன இனம், எந்த இடம், எவ்வளவு உயரம், எந்தத் திகதி, எடுத்தவர் யார், அவருடைய எத்தனையாம் இலக்கம். பிறகு அலமாரிக்குள் போய்விடும். நூறு வருடம் கழித்து யாராவது திறந்து, "அந்தக் காலத்தில் இது இங்கே இருந்ததா?" என்று பார்ப்பார்கள்.

அப்படி ஒரு பழுப்பேறிய தாளைத்தான் நீ பார்த்தாய். வெள்ளைக்காரன் காலத்தில் எவனோ எடுத்த ஒரு மலைப்புல். இந்த நாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத புல். லத்தீனில் இரண்டு சொல்லில் பெயர் இருக்கிறது, தமிழில் ஒன்றும் இல்லை. அவன் மலையின் பெயரை மட்டும் எழுதியிருந்தான். எந்தச் சரிவு என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு அதை யாரும் கண்டதாகப் பதிவில்லை. உனக்கு அது பிடித்துக்கொண்டது. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்கு வருமுன் அந்த மலையைச் சுற்றப் போவதாகச் சொன்னாய்.

வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "நான் வயலில புல்லுச் சாக எண்ண அடிக்கிறன். என்ட மகள் புல்லுக்குக் கண்ணாடி புடிக்கப் போறா. பொட்டனி படிக்க அனுப்பினா, பொட்டணி கட்டிக்கிட்டுத்தான் வருவா போல."

"வாப்பா, உங்கட நெல்லும் ஒரு புல்லுத்தான்" என்றாய்.

"அது தின்னலாம்."

"இதையும் தின்னலாம், மாடெண்டா."

அன்றைக்கு வாப்பா சிரித்த சிரிப்பில் புரைக்கேறி, உம்மா தலையில் தட்டினார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரும்ப ஒருநாளும் கேட்காததால் ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

அந்தப் புல்லைத் தேடுவதில் ஒரு சிக்கல். அதற்கு அச்சு அசலாக ஒரு சாச்சி மகள், சின்னம்மா மகள், இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்து ஓரமெல்லாம் கிடக்கிற சாதாரணப் புல். நிறம் ஒன்று, உயரம் ஒன்று, கதிர் ஒன்று. கதிருக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன முள்ளில்தான் வித்தியாசம், அதுவும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தால்தான் தெரியும். ஆகவே நீ மலையைச் சுற்றிப் பதினோரு இடத்தில் இடத்துக்கொரு பிடி புல் எடுத்தாய். இடத்தையும் மண்ணையும் கொப்பியில் எழுதினாய். புல்லைப் பத்திரிகைத் தாளுக்குள் மடித்து, தாளின் மூலையில் பென்சிலால் இலக்கம் போட்டாய். மழை. சீட்டுக் கட்ட நேரமில்லை. உன் போனும் அந்த மழையில் நனைந்து அங்கேயே மௌத்தாகிவிட்டது, படங்களோடு.

பஸ் நிலையத்தில் யாருடைய போனையோ இரவல் வாங்கி எனக்கு அழைப்பு எடுத்தாய்.

"இன்ஸாப், உம்மாக்கிட்டச் சொல்லு, நாளைக்கு வாறன். டேய், ஏழாவது இடத்தில எனக்குக் கிடைச்ச மாதிரி இருக்குடா!"

"என்ன ராத்தா, மாப்பிள்ளையா?"

"புல்லுடா மடையா! நுணுக்குக்காட்டில வெச்சாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். ஆனா எனக்குப் புல்லரிக்குது."

"புல்லப் புடுங்கினாப் புல்லரிக்காம நெல்லரிக்குமா?"

"வை போன!"

ஆனால் நீ வைக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாய். பக்கத்தில் போன் தந்த ஆள் ஏதோ சிங்களத்தில் சொல்லும் வரைக்கும்.

இலக்கத்தைப் பற்றி நீ எனக்கு முன்பே ஒருமுறை பாடம் எடுத்திருந்தாய். அதற்கு முந்திய விடுமுறையில் உன் பொட்டணிக்குள் நான் கடற்கரையில் பிடுங்கிய இராவணன் மீசைப் புல் ஒன்றைச் செருகி, "புதிய இனம்: இன்ஸாபஸ் அழகனஸ்" என்று சீட்டு எழுதி வைத்தேனே. கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்துக் காதைத் திருகினாய். "என்னோட விளையாடு. என்ட நம்பரோட விளையாடாத. நம்பர் இல்லாட்டி இதெல்லாம் வெறும் வைக்கல், மாட்டுக்குத்தான்."

நீ வந்து மறுநாள் காய்ச்சல். முதலில் மலைக்குளிர் என்றோம். மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வாப்பா முச்சக்கரவண்டி பிடிக்கப் போயிருந்தார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து பொட்டணியை அவிழ்த்துக் காட்டினாய்.

"இஞ்ச பார். ஒவ்வொரு நாளும் ஈரத் தாள எடுத்துப்போட்டுக் காஞ்ச தாள வை. இந்த உப்புக் காத்தில ஒரு நாள் விட்டாலும் பூஞ்சணம் புடிச்சிடும். ஆனா மாத்த முதல் மூலையில இருக்கிற நம்பரப் புதுத் தாளில எழுது. விளங்கினா?"

"ஓம்."

"என்ன சொன்னன், சொல்லு பாப்பம்."

"தாள மாத்தச் சொன்னாய்."

"நம்பர்?"

"ஓம் ஓம், நம்பர்."

என் கையில் போன் இருந்தது. போனுக்குள் கிரிக்கெட் இருந்தது. கடைசி ஓவர். நீ சொன்னது காது வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

தாளை மாற்றினேன், ராத்தா. அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பதினொன்றையும் மேசையில் விரித்து, ஈரத் தாளை உருவி, காய்ந்த தாளை வைத்துக் கட்டினேன். ஈரத் தாள்களை மதிலில் காயப்போட்டு, மடித்து, அடுக்கியும் வைத்தேன். நான் எதையும் மடித்து வைத்து நீ பார்த்திருக்கிறாயா? உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்ட புள்ளைக்கு என்ன நடந்த?" என்றார்.

காய்ச்சலின் ஐந்தாம் நாள் உன்னைப் பார்க்க விட்டார்கள். உதடு வெடித்துப்போய் இருந்தது. கதைக்கவே கஷ்டப்பட்டாய்.

"மாத்தினயா?"

"மாத்தினன். பூஞ்சணம் கிட்டயும் வரல்ல."

"நம்பர்?"

எனக்கு அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது. "நம்பர் வன் வேல, ராத்தா" என்றேன். நீ கொஞ்சமாகச் சிரித்தாய், உதடு இடம் கொடுத்த அளவுக்கு. அது நான் உனக்குச் சொன்ன கடைசிப் பகிடி. பகிடிதான் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வரும் வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டேன். ஈரப் புல் கிடந்த தாளில் அதன் உருவம் மஞ்சளாகப் பதிந்திருக்கும். பழைய தாள்களை எடுத்து, ஒவ்வொரு பதிவோடும் ஒவ்வொரு புல்லை வைத்துப் பார்த்தால் பொருத்திவிடலாம். நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வந்தது. விடியற்காலை சுபஹ் பாங்கோடு நீ போய்விட்டாய்.

நீ போன மூன்றாம் நாள், உனக்காக ஓதிச் சோறு கொடுக்கிற கத்தம். வீடு நிறையச் சனம். சாச்சி என்னைத் தேடி வந்தார்.

"இன்ஸாப், பழைய தாள் கிடக்கா மகன்? சஹனுக்குக் கீழ விரிக்கிறதுக்கு. வாங்கின பொலித்தீன் காணாது."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த அடுக்கை, மடிப்புக் குலையாமல். அன்றைக்கு என் கைக்குத் தலை இருக்கவில்லை.

ஆட்கள் சோறு குவிந்த சஹன் தட்டைச் சுற்றி நால்வர் நால்வராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு நடந்துகொண்டிருந்தேன். மாமா ஒருவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், தாளின் மூலையில், பென்சிலால் எழுதிய ஒரு 4. உன்னுடைய நாலு, மேலே வாய் திறந்த நாலு. அதற்குப் பக்கத்தில் மஞ்சளாகப் புல்லின் உருவம். அதன்மேல் இறைச்சி ஆணம் பரவிக்கொண்டிருந்தது.

என்ன செய்திருக்க வேண்டும், ராத்தா? "எழும்புங்க, எழும்புங்க, நீங்க இருக்கிறது என்ட ராத்தாட நம்பருக்கு மேல" என்று கத்தியிருக்க வேண்டுமா? உன் கத்தச் சோற்றைத் தின்கிறவர்களை எழுப்பியிருக்க வேண்டுமா? எழுப்பியிருக்கத்தான் வேண்டும். நான் மாமாவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். சாப்பிட்டு முடிந்ததும் எல்லாத் தாள்களையும் எலும்போடு சேர்த்துச் சுருட்டிக் கொண்டுபோய்க் குழிக்குள் போட்டார்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு யாழினி அக்கா பொட்டணியை எடுக்க வந்தார். இங்கேதான் உன் தம்பியின் மூளை வேலை செய்த கட்டம் வருகிறது. பதினொரு புல்லிலும் நூலில் கட்டிய பதினொரு அட்டை, அட்டையில் பதினொரு இலக்கம். ஒன்றிலும் பூஞ்சணம் இல்லை. தாள் சஹனுக்குக் கீழே போன கதையைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துவிட்டார்.

"அப்ப நம்பர எப்படிடா கண்டுபிடிச்ச?"

நான் கொப்பியைத் திறந்து காட்டினேன். நீ ஒவ்வோர் இடத்துக்கும் மண்ணைக் குறித்திருந்தாயே. ஏழாம் இடம்: கறுத்த மண், பாசி, கால் புதையும் ஈரம். மூன்றாம் இடம்: தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் நடைபாதை ஓரம், செம்மண், சரளை. "புல்லின்ட வேரப் பாத்தன். வேரில மண்ணப் பாத்தன். மண்ண வெச்சு இடத்தப் புடிச்சன்" என்றேன்.

யாழினி அக்கா கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார். "டேய், நீ உன்ட ராத்தாவ விடக் கெட்டிக்காரன்டா."

அந்தக் கதை ஊரெல்லாம் போனது. வாப்பா, உன் மௌத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அரிசி ஆலையில் நின்று நாலு பேரிடம் வாய் திறந்து கதைத்தது அதைத்தான். பள்ளிக்கூடத்தில் அதிபர் காலைக் கூட்டத்தில் மேடையேற்றிக் கைதட்ட வைத்தார். வழமையாக அந்த மேடைக்கு நான் வேறு காரணத்துக்காகத்தான் ஏற்றப்படுவேன். கூட்டாளிமார் "புல்லுப் பொலிஸ்" என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால் நிறையவே பிடித்திருந்தது.

பிறகு நல்ல செய்தி வந்தது. நீ தேடிய புல் கிடைத்துவிட்டது! பதினொன்றில் ஒன்று அதுதான். நுணுக்குக்காட்டியில் பார்த்து, அந்தப் பழைய தாளோடு ஒப்பிட்டு, பெரியவர்களே உறுதி சொல்லிவிட்டார்கள். மற்றப் பத்தும் சாச்சி மகள்.

"ஆனா ஏழில்லடா தம்பி, மூண்டு" என்றார் யாழினி அக்கா. "ஏழாம் நம்பர் சும்மா புல்லு. பாவம், ராத்தா இடத்த மாறி நினைச்சிட்டா போல. பரவாயில்ல, புல்லக் கண்டுபிடிச்சது அவதானே."

நான் "ஓம் அக்கா" என்றேன்.

தாளைப் பார்க்க உம்மா, வாப்பா, நான் மூன்று பேரும் அந்த உலர்தாவரகத்துக்குப் பஸ் ஏறிப் போனோம். அலமாரிக்குப் பொறுப்பான அம்மா நல்ல மனுசி. இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அந்த வெள்ளைக்காரனுடையது, மற்றது உன்னுடையது. எடுத்தவர்: சஹ்லா. இடம்: மூன்றாம் இடம். வாப்பா கதவுக்கு அப்பாலேயே நின்றுவிட்டார். உம்மா கிட்டப் போய்க் குனிந்தார்.

"இது என்ட மகள்ட கையெழுத்தா?"

"இல்ல உம்மா, இது அடிச்ச எழுத்து. கொம்பியூட்டரில அடிச்ச."

"அப்ப அவட கையெழுத்து எங்க?"

தாளில் கையால் எழுதியது ஒன்றுதான் இருந்தது: நூலில் தொங்கிய அட்டையில் ஒரு 3. உம்மா அதைப் பார்த்துவிட்டார். விரலால் மெதுவாகத் தடவினார். அந்த அம்மா தடுக்கவில்லை.

"இது அவட மூண்டுதானே மகன்?"

"ஓம் உம்மா" என்றேன்.

உம்மா விரலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். அது என் மூன்று, ராத்தா.

யாழினி அக்காவும் இன்னும் சிலரும் மூன்றாம் இடத்துக்கு மூன்று தடவை போனார்கள். நடைபாதை ஓரத்தில் முழங்காலில் தவழ்ந்து, ஒவ்வொரு பத்தையாகக் கதிரெடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சாச்சி மகள். ஒரு பத்தைகூட அந்தப் புல் இல்லை.

இதற்கிடையில் உன் ஏழாம் இடமான அந்தச் சரிவில் விடுதி கட்ட ஒருவர் விண்ணப்பித்திருந்தார். அங்கே பாதுகாக்க வேண்டிய செடி ஏதும் உண்டா என்று கேட்டு உலர்தாவரகத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. அலமாரியைத் திறந்தார்கள். ஏழாம் இலக்கத் தாளைப் பார்த்தார்கள். சாதாரணப் புல். இல்லை என்று பதில் போனது. பார்த்தவர்கள் மேல் என்ன பிழை? தாளில் இருந்ததைத்தான் வாசித்தார்கள்.

யாழினி அக்கா போன கிழமை எடுத்த அழைப்பு மலரைப் பற்றியது மட்டுமில்லை. "உண்மையா எழுதினாக் காணும்" என்று சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"தம்பி, ஏழாம் சரிவ முழுசா வெட்டி மட்டமாக்கிட்டாங்க. நேத்துப் போய்ப் பாத்தன். செம்மண் மட்டும்தான் கிடக்கு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு ஒரு சந்தேகம்டா. அந்தப் புல்லு ஈரத்தில வாழுற புல்லு. மூண்டாம் இடம் தண்ணி நிக்காத சரளை. அங்க அது எப்படி வந்த? நீ மண்ணப் பாத்துத்தானே பிரிச்ச? வேரில ஒரு பொட்டு மண் கிடந்தாலும் காணும், எந்த இடத்து மண்ணெண்டு சோதிச்சுப் பாக்கலாம். நான் கண்ணாடி வெச்சுத் தேடினன், பதினோரு தாளிலயும் ஒரு தூசி இல்ல. அவ்வளவு சுத்தமா எப்படிடா?"

"ஹலோ? ஹலோ? அக்கா, லைன் வெட்டுது" என்றேன். லைன் வெட்டவில்லை. வெட்டியது நான்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? பதினொரு தாளிலும் "இடம் உறுதியில்லை" என்று எழுதுவார்கள். உன் புல்லுக்கு அடையாள அட்டை இருக்கும், முகவரி இருக்காது. நீ மழையில் ஏறி இறங்கிய பதினோரு இடமும் வெறும் கொப்பியாகிவிடும். சரிவு திரும்பி வராது. நீ ஏழாம் இடத்தில் நின்று சிரித்தது சரிதான் என்று நிரூபிக்கவும் முடியாது. நிரூபிக்கக்கூடிய ஒரே இடத்தை வெட்டிவிட்டார்கள். நீ மலையேறிய சப்பாத்திலாவது அந்தக் கறுத்த மண் கிடக்குமா என்று தேடினேன். சாச்சி அதைக் கழுவி யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

சொல்லாவிட்டால்? நீ இடத்தை மாறி நினைத்தவளாகவே இருப்பாய். நூறு வருடம் கழித்து அலமாரியைத் திறக்கிறவனும் அந்த நடைபாதை ஓரத்தில்தான் தவழ்வான். அவனுக்கும் ஒன்றும் கிடைக்காது.

நீ எந்த இடத்தில் முழங்காலிட்டாய், ராத்தா? கால் புதைந்ததா? மூடுபனிக்குள் அதைக் கண்டவுடன் உனக்கு உடனே தெரிந்ததா, இல்லை, பிடுங்கிய பிறகா? வேறு பத்தைகளும் அங்கே இருந்தனவா, அல்லது நீ எடுத்ததுதான் கடைசியா? இதையெல்லாம் அந்த ஐந்து நாளில் நான் கேட்டிருக்கலாம். நான் கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரியில் வைபை இருக்கிறதா என்பதுதான்.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு வரியையும் வெட்டாமல் யாழினி அக்காவின் கையில் கொடுப்பேன். பதினொரு அட்டையையும் அறுத்துவிடச் சொல்வேன். அதிபரிடம் சொல்லி அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுப்பேன், அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரிந்தால். வாப்பாவிடம் சொல்வேன். உம்மா முத்தமிட்ட மூன்று யாருடையது என்று உம்மாவிடமும் சொல்வேன். அதை எப்போது சொல்வேன் என்று மட்டும் கேட்காதே.

எல்லாருக்கும் முதல் உனக்குச் சொல்ல வேண்டும். மண்ணை வைத்து இடத்தைப் பிடித்தேன் என்றது பொய். பிடிக்க மண் இருக்கவில்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே, வீட்டுக்கு வந்து பார்க்கும்போது நீ அசந்துபோக வேண்டும் என்று, என் பழைய பல்துலக்கும் பிரஷால் பதினொரு புல்லின் வேரையும் ஒவ்வொன்றாகத் துலக்கினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கறுப்பு, சிவப்பு எல்லாவற்றையும் முற்றத்தில் உதறிவிட்டு, பளபளவென்று இருக்கிறதே என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். யாழினி அக்கா வருவதற்கு முதல் நாள், இலக்கங்களைச் சும்மா மனம்போன போக்கில் போட்டேன். எல்லாமே சும்மா இல்லை. நோஞ்சானாய், மிதிபட்டது மாதிரிக் கிடந்த ஒன்று, நடைபாதைப் புல் இப்படித்தான் இருக்கும் என்று அதற்கு மூன்றைக் கட்டினேன். ஏழைப் பற்றிச் சொல்லும்போது போனில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாயே, அதனால் பதினொன்றிலும் மிக வடிவான, பார்க்க அழகான புல்லைத் தெரிந்தெடுத்து அதற்கு ஏழைக் கட்டினேன். நீ தேடிய புல் வடிவில்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ராத்தா.

இப்படிக்கு,
உன் காதுத் திருகலுக்குக் காத்திருக்கும்
உன் ஒரே தம்பி
இன்ஸாப்